கையில் எடுக்க விடும் ஊர்வன எது? 11 வயது மகளுக்கு பியர்டட் டிராகனா, ப்ளூ டங்கா (சிட்னி)

துங்காபி_தேன்மொழி

எல்லாருக்கும் வணக்கம். நாங்க சிட்னியில துங்காபி. மகளுக்கு 11 வயசு. எனக்கு அலர்ஜி இருக்கிறதால நாய், பூனை ரெண்டும் கிடையாது. பள்ளி விடுமுறையில சோமர்ஸ்பி ரெப்டைல் பார்க் போயிட்டு வந்தோம், அன்னையில இருந்து வீட்ல ஒரே பாட்டு: "எனக்கு ஒரு பல்லி வேணும்மா." மீன் வாங்கித் தர்றேன்னேன். "மீனைக் கையில எடுக்க முடியுமா?"ன்னு கேக்குறா. பதில் இல்ல.

எங்க நிலைமையைச் சொல்லிடறேன். கையில எடுத்தா கடிக்கக் கூடாது, நல்லாப் பழகணும். வீட்ல 4 வயசுப் பையன் வேற இருக்கான். நாங்க சைவம். பூச்சி வரைக்கும் மனசைத் தேத்திக்குவேன், எலியெல்லாம் நடக்காது. டிசம்பர்ல மாமியார் கும்பகோணத்துல இருந்து ஆறு மாசத்துக்கு வர்றாங்க.

கடையில பியர்டட் டிராகன்ங்கிற பல்லியோட குட்டி பார்த்தோம், விரல் நீளம்தான் இருக்கும். கடைக்காரர் "ஆரம்பிக்கிறவங்களுக்கு இதுதான் பெஸ்ட்"னார். வாங்கலாமா?

கிண்டி_கார்த்தி

வேலியில போற ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கிட்ட கதை கேட்டிருக்கேன். காசு குடுத்து, கண்ணாடிப் பெட்டி வாங்கி, லைட் போட்டு விட்டுக்கிறதை இப்பதான் கேக்குறேன்.

ஓணான்_காதலன்

கார்த்தி, நாம ஓணானைக் கல்லால அடிச்சு வளர்ந்த கூட்டம், நம்ம கருத்தை யாரும் கேக்கல.

தேன்மொழி, நான் பென்ரித் பக்கம், ரொம்ப காலமா ஊர்வன வளர்க்கிறேன். குட்டியை இப்ப வாங்காதீங்க. காரணம் பின்னாடி சொல்றேன், முதல்ல சட்டம்.

நியூ சவுத் வேல்ஸ்ல ஊர்வன வளர்க்க லைசன்ஸ் வேணும். 16 வயசு ஆகியிருக்கணும், அதனால உங்க பேர்லதான் எடுக்கணும். தேசியப் பூங்கா - வனவிலங்குத் துறைகிட்ட விண்ணப்பம் பண்ணணும். தோட்டத்துல ஓடுற ப்ளூ டங் பல்லியைப் பிடிச்சு வளர்க்கிறது குற்றம். லைசன்ஸ் உள்ளவர்கிட்டதான் வாங்கணும்.

இன்னொண்ணு, யூடியூப்ல அமெரிக்கக்காரங்க போடுற "டாப் டென்" பட்டியலை மறந்துடுங்க. லெப்பர்ட் கெக்கோ, கார்ன் ஸ்னேக், பால் பைத்தான், இகுவானா, சிவப்புக் காது ஆமை எதையுமே ஆஸ்திரேலியாவுல வீட்ல வளர்க்க அனுமதி இல்ல. வெளிநாட்டு ஊர்வனன்னாலே தடை. நமக்கு உள்ளூர்ச் சரக்கு மட்டும்தான். அது நஷ்டமே இல்ல. உலகம் பூரா வீடுகள்ல வளர்ற பியர்டட் டிராகன் இந்த ஊர்க்காரன். ஆஸ்திரேலியா தன் விலங்குகளை வியாபாரத்துக்கு ஏற்றுமதி பண்றதைப் பல பத்தாண்டுக்கு முன்னாடியே நிறுத்திடுச்சு. அதுக்கு முன்னாடியும், திருட்டுத்தனமாவும் வெளிய போனதோட வாரிசுகள்தான் இன்னைக்கு ஜெர்மனியிலயும் கனடாவுலயும் சோபாவுல உக்கார்ந்திருக்கு.

இப்ப "பழகுறது" விஷயம். ஊர்வன உங்களைத் தேடி ஓடி வராது. நல்லாப் பழகின ஊர்வனன்னா, உங்க கையைப் பார்த்தா பயப்படாத ஊர்வன, அவ்வளவுதான். அந்தக் குணம் இனத்துக்கு இனம் மாறும். ஆனா அதை விட ஒவ்வொரு உருப்படிக்கும் மாறும். ஒரே ஈட்டுல பிறந்த ரெண்டுல ஒண்ணு தோள்ல தூங்கும், இன்னொண்ணு கதவைத் திறந்தாலே சீறும். குட்டியில எது எப்படி வரும்னு எனக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. குட்டின்னாலே எல்லாத்துக்கும் இரைதான், மேல இருந்து ஒரு கை வந்தா அதுக்குப் பருந்து. அதனால வளர்ந்ததா, வேற ஒருத்தர் கையில ஏற்கெனவே பழகினதா வாங்குங்க. வேலை மாத்திப் போறவங்க, படிப்புக்கு ஊர் விட்டுப் போற பசங்க நிறைய பேர் குடுப்பாங்க. பெட்டி, லைட் எல்லாம் சேர்த்தே வரும்.

சுன்னாகத்தான்

தேன்மொழி அக்கா, நான் பென்டில் ஹில். எங்கட வீட்டில பியர்டட் டிராகன் நிக்குது. காதலன் அண்ணை சொல்லுறது சரி, ஆனா குட்டியே வேண்டாம் எண்டு சொல்ல மாட்டன். நாங்கள் குட்டியாத்தான் வாங்கினாங்கள். இப்ப என்ர மகன் படிக்கேக்க அவன்ர புத்தகத்துக்கு மேல ஏறிப் படுத்திருக்கும். முதல் மாதங்கள் பாடுதான், இல்லையெண்டு சொல்லேல்ல. குட்டிக்கு ஒரு நாளைக்கு ரெண்டு மூண்டு தரம் பூச்சி குடுக்க வேணும். கிரிக்கெட்டுப் பூச்சி இருக்கிற பெட்டியைத் திறக்கேக்க அரைவாசி குசினிக்குள்ள பாயும், ராவிரவாக் கத்தும். மனுசி என்னோட கதைக்காம இருந்தவ.

வளந்தாப் பிறகு கூடுதலா இலைகுழைதான். உங்களைப் போல சைவக்காரருக்கு அது நல்லம் தானே.

கால்நடை_கயல்

பிரிஸ்பேன்ல கால்நடை மருத்துவமனையில நர்ஸா இருக்கேன். 4 வயசுப் பையன் இருக்கான்னு படிச்சதும் எழுதத் தோணுச்சு.

ஊர்வன நல்ல ஆரோக்கியமா இருக்கும்போதே குடல்ல சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும், எச்சத்துல வெளிய விடும். அதுக்கு ஒண்ணும் ஆகாது, நமக்குத்தான் வயிற்றுப்போக்கு, காய்ச்சல். அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்க, கர்ப்பிணிங்க, வயசானவங்க, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு அது ரத்தத்துல பரவி ஆபத்தாகலாம். அமெரிக்காவுல 4 அங்குலத்துக்குக் குறைஞ்ச ஆமைகளை விக்கக் கூடாதுன்னு 1975லயே தடை போட்டதுக்குக் காரணமே, பசங்க அதை வாயில போட்டுக்கிட்டதுதான். அந்த நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம், அஞ்சு வயசுக்குள்ள குழந்தை உள்ள வீட்டுல ஊர்வனவே வேண்டாம்னு சொல்லுது.

உங்க பையனுக்கு அஞ்சு ஆகுற வரைக்கும் தள்ளிப் போடுறது நல்லது. முடியாதுன்னா சில விஷயத்துல விட்டுக்கொடுக்காதீங்க. பெட்டி மகளோட ரூம்ல, பூட்டோட இருக்கணும். தட்டு, தண்ணிக் கிண்ணத்தை சமையலறைத் தொட்டியில கழுவக் கூடாது. அதைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவணும், சானிடைசர் மட்டும் போதாது. முகத்துக்கிட்ட கொண்டு போறது, முத்தம் குடுக்கிறது கூடாது. பசங்க இதுலதான் ஏமாத்துவாங்க.

துங்காபி_தேன்மொழி

கயல், ரொம்ப நன்றி. இதைக் கடையில யாரும் சொல்லவே இல்ல. பையனுக்கு பிப்ரவரியில அஞ்சு முடியுது. மகள்கிட்டப் பேசினேன், "அதுவரைக்கும் படிச்சுத் தயாராகறேன்"னா. அவசரம் இல்லன்னா ப்ளூ டங் பத்தியும் சொல்லுங்க. அன்னைக்குப் பார்க்ல அவ கையில கொடுத்தது அதுதான்.

வடபழனி_வாசு

ப்ளூ டங்னா அரணைதானே? பாட்டி "அரணை கடிச்சா மரணம்"னு சொல்லும். மாமியாருக்குத் தெரிஞ்சா வீட்டுக்குள்ள வர மாட்டாங்க.

ஓணான்_காதலன்

அரணைக் குடும்பம்தான். ஆனா நம்ம ஊர் அரணைக்கும் விஷம் கிடையாது, இதுக்கும் கிடையாது. பாட்டி வார்த்தையில எதுகை இருக்கு, உண்மை இல்ல.

சிட்னியில நீங்க பார்க்கிறது கிழக்கத்திய ப்ளூ டங். வால் நுனி வரை 60 செமீ வரைக்கும் வளரும். முக்கோணத் தலை, குண்டு உடம்பு, அதுக்குப் பொருத்தமே இல்லாத குட்டையான கால். வேகமா ஓட முடியாது, அதனால எதிரி வந்தா ஓடாம உடம்பை உப்பவச்சு, வாயைப் பிளந்து, அந்த நீல நாக்கை வெளிய போட்டு மிரட்டும். முட்டை போடாது, குட்டி போடும். ஒரு தடவைக்கு 25 வரைக்கும் போடலாம். ஆயுசு 20 வருஷம். அதை நல்லா யோசிங்க. உங்க மகளுக்கு 31 வயசு ஆகும்போதும் அது இருக்கும். அவ காலேஜுக்குப் போனா யார் பார்க்கப் போறா? நீங்கதான்.

கையில எடுக்கிற விஷயத்துல எனக்கு டிராகனை விட ப்ளூ டங் பிடிக்கும். தாவாது. டிராகன் சும்மா உக்கார்ந்திருக்கும், திடீர்னு சோபாவுல இருந்து குதிக்கும். ப்ளூ டங் மெதுவா முன்னால நகரும், நாக்கால ஒவ்வொண்ணையும் தொட்டுப் பார்க்கும், சட்டை மடிப்புக்குள்ள சூடா இடம் கிடைச்சா தலையை நுழைச்சுக்கிட்டு அசையாது. ஆனா எடுக்கிற விதம் முக்கியம். ஒரு கை நெஞ்சுக்கு அடியில, இன்னொரு கை பின்னங்காலுக்கு அடியில. நாலு காலும் எதையாவது மிதிச்சுக்கிட்டு இருக்கணும். கால் அந்தரத்துல தொங்கினா விழறோம்னு நினைச்சு உடம்பை முறுக்கும். கையை மேல இருந்து கொண்டு போகாம பக்கவாட்டுல, அதோட கண்ணுக்குத் தெரியிற மாதிரி கொண்டு போங்க.

கடிச்சா? நத்தை ஓட்டை உடைக்கிற தாடை, நல்லா வலிக்கும். ஆனா பழகினது கடிக்கிறது அபூர்வம். கடிக்கிறதுக்கு முன்னாடி சீறும், உப்பும், நாக்கு காட்டும். இத்தனை எச்சரிக்கை கொடுக்கிற பிராணி வேற எது இருக்கு?

சாப்பாடு எல்லாம் கலந்தது. கீரை, பூசணி, கொஞ்சம் பழம், நத்தை, பூச்சி, வேகவச்ச முட்டை. முட்டைக்கு உங்க வீட்ல அனுமதி உண்டுன்னா பூச்சிச் செலவு குறையும்.

சுன்னாகத்தான்

அண்ணை, ப்ளூ டங் நல்லம் தான், ஆனா அதுக்கு முகபாவம் இல்லை. டிராகனைப் பாருங்கோ. கோவம் வந்தாத் தாடி கறுக்கும். பெரியதைக் கண்டா ஒரு கையைத் தூக்கி வட்டமாச் சுத்தும், "நான் சண்டைக்கு வரேல்லை" எண்டு. சின்னப்பிள்ளைக்கு அது தான் பிடிக்கும், என்ன நினைக்குது எண்டு விளங்கும். எங்கட டிராகனுக்கு என்னில பாசம். தோளில ஏறினா இறங்காது.

கிண்டி_கார்த்தி

பாசமா, சூடா? உங்க தோள்பட்டை 30 டிகிரிக்கு மேல, பெட்டியோட குளிர்ச்சியான மூலை 24. நானும் ஏறுவேன்.

ஸ்கார்பரோ_சிவா

கார்த்தி சொல்லுறதிலயும் பாதி உண்மை. ஆனா மூளையே இல்லாத பிராணி எண்டு நினைக்க வேண்டாம். இங்கிலாந்து லிங்கன் பல்கலைக்கழகத்தில ஆன்னா வில்கின்சன் ஆக்கள் 2014இல ஒரு ஆய்வு வெளியிட்டவை. ஒரு டிராகனுக்குக் கம்பிக் கதவைத் தலையால தள்ளித் திறக்கப் பழக்கி, அதை வீடியோ எடுத்து மற்ற டிராகன்களுக்குக் காட்டினவை. பார்த்ததுகள் அதே பக்கம் தள்ளித் திறந்துதுகள். பார்க்காததுகளுக்கு அது வரேல்லை. பார்த்துப் பழகும், அது நிரூபணம். பாசமோ எண்டு கேட்டா அது வேற கேள்வி.

என்னட்ட இருக்கிறது லெப்பர்ட் கெக்கோ. கனடாவில தடையில்லை. பகல் முழுக்க நித்திரை, பின்னேரம் தான் எழும்பும், பள்ளிக்கூடம் விட்டு வாற பிள்ளையளுக்குத் தோதான நேரம். வீட்டுப் பல்லி மாதிரிச் சுவரில ஏறாது, அதுக்குக் காலில ஒட்டுற தட்டு இல்லை. கண் இமை இருக்கு, சிமிட்டும். வாலில தான் கொழுப்புச் சேமிக்கும், வாலைப் பிடிச்சா கழட்டிப் போட்டிடும். அக்காவுக்கு இது கிடைக்காது, மற்ற ஊரில இருந்து வாசிக்கிற ஆக்களுக்காக எழுதுறன்.

பூன்லே_ராணி

சிங்கப்பூரிலிருந்து வாசிப்பவர்கள் ஆசைப்பட வேண்டாம். இங்கே அனுமதி இரண்டே இரண்டுக்குத்தான்: சிவப்புக் காது ஆமை, மலாயா பெட்டி ஆமை. பல்லி, பாம்பு எதற்கும் கிடையாது. இரண்டு ஆமைகளுமே கையில் வைத்துக் கொஞ்சுவதற்கு ஏற்றவை அல்ல, பார்த்து ரசிக்கலாம்.

வடபழனி_வாசு

சென்னையில? என் தம்பி நட்சத்திர ஆமை கேக்குறான். "வாஸ்துக்கு நல்லது"ன்னு எவனோ சொல்லியிருக்கான்.

கிண்டி_கார்த்தி

வேணவே வேணாம். நட்சத்திர ஆமையை வீட்ல வச்சிருக்கிறதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிடிச்சு வித்து கடத்தியே அழிக்கிறாங்கன்னு 2019ல சைட்ஸ்ங்கிற உலக வனவிலங்கு வியாபார ஒப்பந்தத்துல முதல் பட்டியலுக்கே ஏத்திட்டாங்க, அதாவது சர்வதேச வியாபாரத்துக்கு முழுத் தடை. வெளிநாட்டு இகுவானா, பால் பைத்தான் மாதிரி சைட்ஸ் பட்டியல்ல இருக்கிறதை வச்சிருந்தா, 2022 சட்டத்திருத்தத்துக்கு அப்புறம் அரசுகிட்டப் பதிவு பண்ணணும். பேப்பர் இல்லாம "பாஸ், ஒரிஜினல் இம்போர்ட்"னு விக்கிறவன்கிட்ட மாட்டாதீங்க.

சிவப்புக் காது ஆமையைச் சின்னதா வாங்கி, பெருசானதும் கோயில் குளத்துல விட்டுட்டு வர்ற ஆளுங்களைப் பத்தித் தனியா ஒரு இழை போட்டுத் திட்டணும். அது மிசிசிப்பி ஆத்து ஆமை, நம்ம குளத்து ஆமைக்கு வெயில் காயக் கல்லு கூட விடாது.

தம்பிக்கு ஆர்வம் இருந்தா கிண்டி பாம்புப் பண்ணைக்குக் கூட்டிட்டுப் போங்க, அப்புறம் ரோமுலஸ் விட்டேக்கர் 1976ல ஆரம்பிச்ச முதலைப் பண்ணைக்கு. டிக்கெட் காசோட முடிஞ்சிடும்.

மெல்பர்ன்_மாறன்

யாரும் மலைப்பாம்பைப் பத்திப் பேசவே இல்லையே. ஸ்டிம்சன் பைத்தான் பாருங்க. ஒரு மீட்டர்தான். பெருசானதுக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை சாப்பாடு, ஊருக்குப் போனாக் கூட கவலை இல்ல. கையில சுத்திக்கிட்டு சும்மா கிடக்கும். சத்தியமா பல்லியை விடப் பாம்பு வளர்க்கிறது சுலபம்.

துங்காபி_தேன்மொழி

மாறன், சாப்பாடு என்ன?

மெல்பர்ன்_மாறன்

உறைய வச்ச எலி. கடையிலயே பாக்கெட்டா கிடைக்கும். ஃப்ரீசர்ல ஒரு ஓரமா…

துங்காபி_தேன்மொழி

என் மாமியார் ஃப்ரீசரைத் திறந்து தேங்காய்த் துருவல்னு எடுத்தா? வேண்டாம் தம்பி.

இன்னொரு சந்தேகம். இணையத்துல தேடினப்போ கன்னிங்ஹாம் ஸ்கிங்க்னு ஒண்ணு, "கூட்டமா வாழும் பல்லி"ன்னு போட்டிருக்கு. அப்போ அதுதானே எல்லாத்தையும் விட நல்லாப் பழகும்?

ஓணான்_காதலன்

அருமையான கேள்வி. நிஜமாவே குடும்பமா வாழ்ற பல்லி அது. நம்ம மாநிலத்துப் பாறைப் பகுதிகள்ல பெத்தவங்க, பிள்ளைங்க எல்லாம் ஒரே பிளவுல குடியிருக்கும். ஆனா அதோட கூட்டு வாழ்க்கையில உங்களுக்கு இடம் இல்ல. அது பழகுறது அது சொந்தக்காரங்களோட. நீங்க கையை நீட்டினா பாறை இடுக்குக்குள்ள போய் உடம்பை உப்பவச்சு இறுக்கிக்கும், முள்ளுச் செதில் வேற. உடும்புப் பிடிதான்.

நேர் எதிரா, டிராகனும் ப்ளூ டங்கும் தனிக்கட்டைங்க. துணைக்கு இன்னொண்ணு வேணாமான்னு கேக்காதீங்க. ரெண்டு ஆணை ஒரே பெட்டியில விட்டா ஒண்ணு வாலையோ விரலையோ இழக்கும். சண்டை போடலன்னாலும் பலமானது வெயில் விளக்குக்கு அடியில உக்கார்ந்துக்கும், மத்தது வளராம நிக்கும். ஒருத்தரோட இருக்கிறதைப் பொறுத்துக்கிறதுதான் நமக்கு வேணும், கூட்டம் தேடுற குணம் இல்ல.

கால்நடை_கயல்

பெட்டியைப் பத்தி நான் சொல்றேன். எங்ககிட்ட வர்ற டிராகன்ல நிறைய, லைட் சரியில்லாம வர்றதுதான். போன மாசம் ஒரு குட்டி. துணியில சுத்திக் கொண்டு வந்தாங்க. முன்னங்கை ரெண்டும் வளைஞ்சு, நடக்கச் சொன்னா நெஞ்சால தவழுது. கீழ்த்தாடையை விரலால லேசா அழுத்தினா ரப்பர் மாதிரி உள்ள போகுது. எலும்புல கால்சியம் இல்ல. "ஜன்னல் ஓரமாத்தான் வச்சோம், நல்ல வெயில் வருமே"ன்னு அந்தக் குடும்பம் சொல்லுது. வெயில்ல இருக்கிற யூவிபிங்கிற புற ஊதாக் கதிரை ஜன்னல் கண்ணாடி தடுத்துடும். அந்தக் கதிர் இல்லன்னா தோல்ல விட்டமின் டி உருவாகாது. அது இல்லாம கால்சியம் பொடியை எவ்வளவு தூவினாலும் உடம்புல சேராது.

யூவிபி ட்யூப் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், ஆனா கதிர் குறைஞ்சிடும். கம்பெனி சொல்ற காலக்கெடுவுல, பெரும்பாலும் ஆறு மாசம் முதல் ஒரு வருஷத்துக்குள்ள மாத்திடணும். டிராகனுக்கு வெயில் காயிற இடம் 40 டிகிரி பக்கம், ப்ளூ டங்குக்கு 35 பக்கம். மறுமுனை 25 அளவுல இருக்கணும், அதுவே சூட்டைத் தேர்ந்தெடுத்துக்கும். 120 செமீ நீளப் பெட்டி வேணும், அதுக்குக் கீழ போனா ரெண்டு முனைக்கும் வித்தியாசம் வராது. சூட்டைக் கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட் இல்லாம எந்த ஹீட்டரையும் போடாதீங்க. செலவுல பாதிக்கு மேல பெட்டிக்கும் லைட்டுக்கும்தான் போகும், பிராணிக்கு இல்ல.

சுன்னாகத்தான்

கயல் தங்கச்சி, முருங்கை இலை குடுக்கலாமோ? எங்கட வளவில ஒரு மரம் நிக்குது.

கால்நடை_கயல்

குடுக்கலாம் அண்ணா, கால்சியம் நிறைய. தினமும் அதையே குடுக்காம மத்த கீரையோட கலந்து. ஸ்பினாச் அடிக்கடி வேண்டாம், அதுல உள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப் போட்டுடும். வெங்காயமும் அவகாடோவும் கூடவே கூடாது.

துங்காபி_தேன்மொழி

அப்டேட். லைசன்ஸ் எடுத்தாச்சு. பையனோட பிறந்தநாள் முடிஞ்ச பிறகுதான் வீட்டுக்குக் கொண்டு வரணும்னு முடிவு. சுன்னாகத்து அண்ணா கூப்பிட்டு அவங்க டிராகனை மகள் கையில குடுத்தாங்க (ரொம்ப நன்றி, அக்கா குடுத்த போளியும் சூப்பர்). அவளுக்குப் பிடிச்சிருந்தது, ஆனா குதிச்சப்போ பயந்துட்டா. ப்ளூ டங்தான்னு சொல்லிட்டா.

பிளாக்டவுன்ல லைசன்ஸ் உள்ள ஒருத்தர், வேலைக்காக பெர்த் போறார். ஆறு வயசு ப்ளூ டங், பெட்டியோட குடுக்கிறாராம். சனிக்கிழமை பார்க்கப் போறோம். என்ன பார்க்கணும்?

ஓணான்_காதலன்

முதல்ல அவரை எடுக்கச் சொல்லிட்டு நீங்க பாருங்க. பெட்டியைத் திறக்கிறப்பவே சீறி மூலைக்கு ஓடினா, "உங்களைப் பார்த்துப் பயம்"னு அவர் சொல்றதை நம்பாதீங்க. அவர் கையில அமைதியா இருந்தா கொஞ்ச நேரம் கழிச்சு நீங்க, அப்புறம் மகள். எல்லாரும் உக்கார்ந்துக்கிட்டு.

விரலை எண்ணுங்க. உரிஞ்ச பழைய தோல் விரல்ல வளையமா ஒட்டிக்கிட்டு இருந்தா ரத்த ஓட்டம் நின்னு விரல் போயிடும், பராமரிப்பு எப்படின்னு அதுலயே தெரிஞ்சிடும். கண் தெளிவா இருக்கணும், மூக்குல நுரை இருக்கக் கூடாது, வால் அடியில காய்ஞ்ச எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது. தாடை ரெண்டும் ஒழுங்காப் பொருந்தணும். அக்குள்ல கொழுப்பு பிதுங்கினா கூடுதலாத் தின்னு வளர்ந்ததுன்னு அர்த்தம். அது தீராத வியாதி இல்ல, சாப்பாட்டைக் குறைக்கணும். உங்க முன்னாடி ஒரு வாய் சாப்பிடச் சொல்லுங்க. அவர் லைசன்ஸ் நம்பரை எழுதி வாங்குங்க. கடைசியா யூவிபி ட்யூப் எப்ப மாத்தினார்னு கேளுங்க. "அது மாத்தணுமா?"ன்னா புது ட்யூப் காசை விலையில கழிச்சுடுங்க.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வாரம் தொடாதீங்க. சாப்பிடலன்னாலும் பதறாதீங்க. மகளுக்கு இதுதான் கஷ்டமா இருக்கும். பெட்டிக்குப் பக்கத்துல உக்கார்ந்து ஹோம்வொர்க் பண்ணச் சொல்லுங்க, அதோட மூக்குக்கு அவ வாசனை பழகட்டும். ஜூன், ஜூலைக் குளிர்ல சாப்பாட்டைக் குறைச்சுத் தூங்கும், அது இயல்பு. அப்பப்ப எடை போட்டுப் பாருங்க, எடை சரசரன்னு இறங்கினாத்தான் டாக்டர்.

ஒரு விஷயம், தோட்டத்துல நத்தைக்கு மருந்து போடுவீங்களா? அந்த நத்தையைத் தின்னா இதுவும் செத்துடும். தோட்டத்துல பிடிச்ச நத்தையை மகள் ஆசையா ஊட்டிடப் போறா.

துங்காபி_தேன்மொழி

பக்கத்து வீட்டுக்காரர் போடுவார், நீல உருண்டை. நல்லவேளை சொன்னீங்க. வெளி நத்தை கிடையாதுன்னு பெட்டி மேலேயே எழுதி ஒட்டிடறேன்.

மாமியார்கிட்ட வீடியோ கால்ல போட்டோ காட்டிட்டோம். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "இது சைவமா, அசைவமா?"ன்னு கேட்டாங்க. ரெண்டும்னேன். "அப்போ வாழைப்பழம் திங்குமா?"

கால்நடை_கயல்

எப்பவாவது ஒரு சின்னத் துண்டு. அதுக்கு மேல குடுக்க வேண்டாம்னு மாமியார்கிட்ட இப்பவே சொல்லிடுங்க.

வடபழனி_வாசு

மாமியார்கிட்டயா? சொல்லிப் பார்க்கட்டும்.